பொத்தானின் முதுகு: மலைநாட்டு மண் தரும் பழைய பொத்தான்களுக்கு வயது சொல்வது எப்படி?

பழைய தேயிலையை வேரோடு பிடுங்கி மறுநடுகைக்கு நிலம் திருத்தும்போது, மழைக்கு முன் கான் (வடிகால்) வெட்டும்போது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் குழி தோண்டும்போது மண்வெட்டியில் ஏதாவது தட்டுப்படும். போத்தல் கழுத்து, பீங்கான் ஓடு, துருப்பிடித்த முள்ளின் ஒரு பல், எப்போதாவது பச்சை பூத்த ஒரு வட்டத் தகடு. எடுத்தவர் அதைக் காற்சட்டையில் தேய்த்துப் பார்ப்பார். ராஜா தலையோ ராணி தலையோ தெரியாவிட்டால் "சல்லி இல்ல, பொத்தான்" என்று சின்னப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார். அது கோலிக்குண்டுகளோடு சேர்ந்து இரண்டு நாளில் தொலையும்.

காசு என்றால் ஆண்டு அச்சிட்டிருக்கும். விக்டோரியா தலையும் பனையினத்து மரமும் போட்ட 1870 ஆம் ஆண்டுச் செப்புச் சதத்துக்கு வயது சொல்ல யாரும் தேவையில்லை. பொத்தானில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. முகப்பில் சிங்கத்தையோ அரச முடியையோ கண்டதும் ஆளுக்கொரு கதை கட்டுவோம்: "இது கண்டி ராஜா காலத்தது", "இது துரையுடையது". கதை கட்டுவதற்கு முன் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எப்படிச் செய்தார்கள், யார் செய்தார்கள், எந்த வளையத்தால் துணியில் தைத்தார்கள் என்பதெல்லாம் முதுகில்தான் இருக்கிறது.

வயது தெரிவது இலங்கையில் வெறும் ஆர்வத்துக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் வேண்டும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொல்பொருள் எதுவென்று சொல்ல ஒரு நாளையே குறித்திருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள். அதற்கு முந்தியது என்று நியாயமாகக் கருதக்கூடிய பொருள் தொல்பொருள். அதைத் தேடித் தோண்ட உங்கள் சொந்தக் காணியாக இருந்தாலும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இங்கிலாந்தில் உழுத வயல்களில் உலோகங்காட்டிக் கருவியோடு நடந்து பொத்தான் பொறுக்குவது சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. காணிக்காரர் சரி என்றால் போதும், பெரும்பாலான வயல்களில் இறங்கலாம். இங்கே அதே கருவியோடு மலையில் ஏறினால், "புதையல் தோண்ட வந்தவர்கள் ஸ்கேனருடன் கைது" என்ற வழக்கமான செய்தியில் உங்கள் படமும் வரும். ஆகவே இந்தக் கட்டுரை தேடிப்போகிறவர்களுக்கு அல்ல. தற்செயலாகக் கையில் வந்ததை அடையாளம் காண நினைக்கிறவர்களுக்கு.

சரி, கையில் ஒன்று இருக்கிறது. முதலில் அது பொத்தான்தானா? வட்டமான பித்தளை எல்லாம் பொத்தான் ஆகிவிடாது. பன்றி வேட்டைக்குப் போன தோட்டாவின் அடிப்பாகம் அச்சாகப் பொத்தான் போலவே இருக்கும். கம்பனிப் பெயரும் 12 என்ற எண்ணும் வட்டமாக ஓடும், நடுவில் வெடிமருந்தைத் தட்டிய குழி தெரியும். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் கொழும்பு ஸ்டோர்களில் கூலிக்கணக்குக்குக் கொடுத்த பித்தளை வில்லைகளும் உண்டு. அவை கிடைத்தால் பொத்தானைவிடப் பெரிய விஷயம். இன்னொரு பக்கம், "பழைய நாணயம்" என்று காட்டப்படுபவற்றில் ஜீன்ஸ் பட்டன் எத்தனை என்று எண்ணினால் சிரிப்புத்தான் வரும்.

பொத்தான்தான் என்று உறுதியானதும் முதுகுக்கு வருவோம். 18 ஆம் நூற்றாண்டில் பொத்தானை அச்சில் வார்த்தார்கள், அல்லது தட்டைத் தகட்டை வெட்டி நடுவில் ஒரு கம்பி வளையத்தைப் பற்றவைத்தார்கள். வார்த்ததில் அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த கோடு முதுகில் மெல்லியதாகத் தெரியும். தட்டையானதில் எழுத்தே இல்லாமல் வளையத்தின் அடியில் பற்றாசுத் திட்டு மட்டும் இருக்கும். அந்தக் காலத்து அதிகாரிகளின் பொத்தான் வேறு மாதிரி: எலும்பாலோ மரத்தாலோ ஒரு அடிவட்டம், அதன்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டையோ முலாம் பூசிய தகட்டையோ போர்த்தியிருப்பார்கள். நம் மண்ணில் எலும்பு கரைந்து, நசுங்கிய தகடு மட்டும் மிஞ்சும். பீடிக்கட்டின் ஜிகினாத் தாள் என்று நினைத்து எறிந்துவிடலாம், அவ்வளவு மெல்லியது.

பிறகு இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காம் வந்தது. 1790 களிலிருந்து 1830 கள் வரை தங்க முலாம் பூசிய தட்டைப் பொத்தானுக்குப் பொற்காலம். பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தைப் புகையாக ஓட்டினார்கள். அதைச் சுவாசித்த தொழிலாளர்களின் கதி எப்படியிருந்திருக்கும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. போலி முலாம் பெருகவே 1796 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் பொத்தான் முலாமுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. அதன் பிறகுதான் முதுகில் "கில்ட்", "ட்ரெபிள் கில்ட்", "ஸ்டாண்டர்ட்", "வாரண்டட்" என்று தரம் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் வட்டமாக நிறைந்தன. இப்படி எழுத்து ஓடும், உருவம் எதுவும் இல்லாத தட்டை முலாம் பொத்தான் கிடைத்தால் 19 ஆம் நூற்றாண்டின் முற்பாதி என்று பெரும்பாலும் சொல்லலாம். 1840 இல் எல்கிங்டன் என்பவர் மின்முலாம் பூசும் உரிமத்தை எடுத்தார். அப்புறம் பாதரச முலாம் மெல்ல ஒதுங்கியது.

இன்னொரு எல்லைக்கோடு 1813. பெஞ்சமின் சாண்டர்ஸ் என்பவர் முன்தகடு, பின்தகடு என இரண்டாகச் செய்து, விளிம்பை மடித்துப் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தார். 1825 இல் அவர் மகன், வளையத்துக்குப் பதிலாகத் துணியால் ஆன கொண்டை வைத்தார். ஆகவே முதுகும் முகப்பும் வெவ்வேறு தகடாய், உள்ளே காற்றுப் பொதிந்த மாதிரி உப்பியிருந்தால் அது பெரும்பாலும் இந்த வரிசையில் வந்தது. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே மண் கலகலக்கும்.

முதுகில் கம்பனிப் பெயர் இருந்தால் வேலை பாதி முடிந்தது. ஃபர்மின் என்ற லண்டன் கம்பனி 1677 இலிருந்து இருக்கிறது. பெயர் மட்டும் ஒன்றும் சொல்லாது. ஆனால் அதன் முகவரி காலத்துக்குக் காலம் மாறியது, பெயரின் பின்னால் "அண்ட் சன்ஸ்", "லிமிட்டட்" என்று ஒட்டுகளும் சேர்ந்தன. "லிமிட்டட்" என்ற ஒரு சொல்லே நல்ல கடிகாரம்: பிரித்தானியாவில் வரையறுத்த பொறுப்புக்குச் சட்டம் வந்தது 1855 இல், ஆகவே அந்தச் சொல் உள்ள பொத்தான் அதற்கு முன் இருக்க வழியில்லை. பர்மிங்காமின் பல பழைய கம்பனிகள் 1907 இல் சேர்ந்து "பட்டன்ஸ் லிமிட்டட்" ஆயின. அந்தப் பெயரைக் கண்டால் 20 ஆம் நூற்றாண்டுதான். "மேட் இன்" என்று நாட்டின் பெயர் போட்டிருந்தால் 1890 களுக்குப் பின் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. நான்கு துளைப் பித்தளைப் பொத்தானில் "பெஸ்ட் ரிங் எட்ஜ்" என்றோ ஒரு தையற்காரர் பெயரோ இருந்தால் அது காற்சட்டையில் தோள்வார் மாட்டும் பொத்தான். துரைமார் பங்களாக்களின் குப்பைக் குழிகளில் அதுதான் அதிகம் வரும். அதில் வீரக்கதை எதையும் தேட வேண்டாம்.

வீரக்கதை வேண்டுமென்றால் எண் போட்ட பொத்தானைப் பார்க்க வேண்டும். 1767 இல் பிரித்தானியப் படைகளுக்கு ஒரு அரச ஆணை வந்தது: ஒவ்வொரு ரெஜிமெண்டும் தன் எண்ணைப் பொத்தானில் போட வேண்டும். சிப்பாய்க்கு வெள்ளீயக் கலவை, அதிகாரிக்கு வெள்ளியோ தங்க முலாமோ. சிப்பாயின் பொத்தான் 1855 இல்தான் பித்தளைக்கு மாறியது. 1871 இல் சிப்பாய்களிடமிருந்து எண் பறிபோய், எல்லோருக்கும் சிங்கமும் கொம்புக்குதிரையும் தாங்கும் அரச சின்னப் பொத்தான் வந்தது. 1881 சீர்திருத்தத்தில் ரெஜிமெண்டுகளின் எண்களே போயின. ஆக, சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக உரியும் எண் பொத்தான் என்றால் 1767 இலிருந்து 1855 வரை. மஞ்சள் பித்தளையில் எண் என்றால் சிப்பாய்க்கு அந்தப் பதினாறு வருடம்தான். அரச சின்னம் மட்டும் என்றால் 1871 க்குப் பின்.

இதை மலைநாட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் ருசி கூடும். 19 ஆம் ரெஜிமெண்ட் 1796 முதல் 1820 வரை இலங்கையில் இருந்தது. 1803 இல் கண்டியில் அழிந்த பிரித்தானியக் காவற்படையில் அதன் ஆட்கள் இருந்தார்கள். 73 ஆம் ரெஜிமெண்ட் 1814 இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்தது, 1815 இல் கண்டியைப் பிடிக்கப் போனது, 1817-18 ஊவாக் கிளர்ச்சியை அடக்கவும் போனது. இப்போது ஊவாப் பக்கம் ஒரு கானில் "73" என்ற வெள்ளீயப் பொத்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். தொலைந்தது 1818 ஆக இருக்கலாம். ஆனால் செய்தது? சிப்பாய் அந்தக் கோட்டோடுதான் கப்பலில் வந்து இறங்கியிருந்தால் பொத்தான் 1815 மார்ச் 2 க்கு முந்தியது, சட்டப்படி தொல்பொருள். பொத்தானைப் பார்த்து மட்டும் அதை ஒருவராலும் தீர்த்துச் சொல்ல முடியாது. என் கணக்கு இதுதான்: வெள்ளீயத்தில் எண் இருந்தால் சந்தேகத்தின் பலனைத் திணைக்களத்துக்குக் கொடுங்கள், இடத்தை மேலும் கிளறாமல் விட்டுவிட்டு அறிவியுங்கள். பக்கத்தில் எலும்பு இருக்கக்கூடிய இடம் அது.

முடியை வைத்து வயது சொல்வது எளிது, அதனாலேயே அதிகம் தப்பாகிறது. 1901 முதல் 1952 வரை ராஜாக்கள் காலத்து முடி, கும்பம் கவிழ்த்த மாதிரி மேலே உருண்டிருக்கும். 1953 க்குப் பின் எலிசபெத் காலத்து முடியில் வளைவுகள் நடுவில் உள்ளே அமுங்கியிருக்கும். விக்டோரியா காலத்து முடியும் அமுங்கியதுதான். ஆகவே அமுங்கிய முடியைப் பார்த்ததும் "நூற்றைம்பது வருஷம்" என்று முடிவுகட்டக் கூடாது. 1948 சுதந்திரத்தோடு முடி இந்த நாட்டை விட்டுப் போய்விடவில்லை, 1972 இல் குடியரசான பிறகுதான் போனது. இங்கும் முதுகுதான் தீர்ப்புச் சொல்லும். தோட்டத் துரைமாரின் சொந்தப் படையான சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர் 1900 இல் தொடங்கி 1949 இல் கலைக்கப்பட்டது. கண்டியில் அதன் தலைமையகம். அதன் பொத்தான் எது கிடைத்தாலும் அந்த அரை நூற்றாண்டுக்குள் அடங்கிவிடும், முடி எந்தப் பக்கம் வளைந்தால் என்ன.

தியத்தலாவப் பக்கம் இன்னும் சிக்கல். 1900 இல் தென்னாப்பிரிக்காவின் போயர் போர்க் கைதிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். சொந்தச் சட்டையோடு சண்டைக்குப் போனவர்கள். காவலுக்கு நின்றவன் பொத்தானில் சின்னம் இருக்கும், கைதியின் பொத்தான் சாதாரணக் கடைப் பொத்தான். பிறகும் படையினர் முகாம் அங்கேயே நீடித்ததால் ஒரே மேட்டில் நாலு தலைமுறைப் பொத்தான் கலந்து கிடக்கும்.

கலந்து கிடப்பது என்றதும் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆழத்தில் கிடைத்தால் பழையது, மேலே கிடைத்தால் புதியது என்ற கணக்கு மலைச்சரிவில் செல்லாது. காட்டை வெட்டிக் கோப்பி போட்டார்கள். 1869 இல் மடுல்சீமைப் பக்கம் முதலில் கண்ட இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்ததும் அதே சரிவைக் கிளறித் தேயிலை போட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் மேல் மலை மண் கீழ் மலைக்கு வருகிறது. கானில் அடைந்த வண்டலை அள்ளி மறுபடி மேலே கொட்டுகிறோம். 1820 பொத்தானும் 1960 பொத்தானும் ஒரே மண்வெட்டியில் வரும். தேயிலைக்குப் பிடித்த புளித்த மண் வேறு. இரும்பு துருவாகிப் போகும், சிப்பியும் எலும்பும் கரையும், உரம் பட்ட பித்தளை பச்சையாய் அரிக்கும்.

அந்தப் பச்சையைக் கண்டதும் நம் கை தானாகப் புளியைத் தேடும். குத்துவிளக்கு துலக்கிய பழக்கம். பள்ளிக்கூட வயதில் நானும் அப்படி ஒரு பொத்தானைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினேன். பளபளவென்று செம்பு வந்தது, மேலே இருந்த தங்க முலாம் சாம்பலோடு போய்விட்டது, முதுகில் இருந்த எழுத்தும் மழுங்கியது. எலுமிச்சம்பழமும் பிராஸோவும் அதே வேலையைத்தான் செய்யும். மழைத்தண்ணீரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மண்ணை மெதுவாகத் தட்டிவிட்டு, இருட்டறையில் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும். எழுத்து நிழல் விழுந்து எழுந்து நிற்கும்.

இன்னொரு எச்சரிக்கை. செய்த நாளும் தொலைந்த நாளும் ஒன்றல்ல. சட்டை கிழிந்தால் பொத்தானை அறுத்து பிஸ்கட் டின்னில் போடாத வீடு எது? முப்பது வருடம் கழித்து அது வேறொரு சட்டையில் ஏறும். ஆகவே பொத்தான் சொல்வது கீழ் எல்லையை மட்டும்: இதற்கு முன் இல்லை. பெரிய கங்காணிமார் தலைப்பாகையும் கோட்டுமாய் நிற்கும் பழைய படங்களைப் பார்த்திருப்பீர்கள். லயத்து மண்ணில் முலாம் பொத்தான் வந்தால் துரை அங்கே வந்து தொலைத்தார் என்று எழுதிவிடாதீர்கள். கோட்டு கைமாறும், பொத்தான் கோட்டு மாறும்.

இனி நம் ஆட்களின் பொத்தானுக்கு வருவோம். பொத்தான் என்ற சொல்லே போர்த்துக்கேயம் தந்தது. கோப்பிக் காலத்தில் கடல் கடந்து மாத்தளைப் பாதையில் நடந்து ஏறியவர்களின் உடம்பில் வேட்டியும் கம்பளியும் சேலையும் இருந்தன; அவற்றில் பொத்தான் இல்லை. பிறகு சட்டை வந்தபோது அதோடு வந்தது வெள்ளைச் சில்லு: சின்னது, நான்கு துளை, நடுவில் குழி, பால்நிறம். பார்த்தால் கண்ணாடி என்பீர்கள். அது பீங்கான். 1840 இல் ரிச்சர்ட் ப்ராசர் என்பவர் களிமண்ணைத் தூளாகவே அச்சில் அழுத்திச் சுடும் உரிமம் எடுத்தார். அப்புறம் பிரான்சில் பாப்டெரோஸ் என்பவர் தூளோடு பால் கலந்து, ஒரே அழுத்தில் நூற்றுக்கணக்கில் செய்யத் தொடங்கியதும் விலை விழுந்தது. ஏழையின் சட்டைக்கும் பொத்தான் கட்டுப்படியானது. அடையாளம் மறுபடியும் முதுகில்தான்: முகப்பு வழுவழுப்பு, பின்பக்கம் தோடம்பழத் தோல் மாதிரிச் சிறு குழிகள். 1840 க்கு முந்தியது இல்லை, அதற்குப் பின் நூறு வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். வயது சொல்ல இதைவிட மோசமான பொத்தான் கிடையாது. லயத்து மண்ணில் இதைவிட முக்கியமானதும் எனக்குத் தெரிந்து கிடையாது.

ஏனென்றால் உலோகங்காட்டிக் கருவிக்கு இது தெரியாது. பீங்கானுக்கும் சிப்பிக்கும் எலும்புக்கும், 1860 களிலிருந்து ஒருவகைப் பனங்கொட்டையில் கடைந்து வந்த பொத்தானுக்கும் அந்தக் கருவி சத்தம் போடாது. அது கண்டுபிடிப்பது பட்டாளத்தையும் பங்களாவையும் ரயில்வேயையும் பொலிஸையும்தான். கருவி காட்டியதை மட்டும் சேர்த்து ஒரு தோட்டத்தின் சரித்திரத்தை எழுதினால் அதில் தொழிலாளியே இருக்க மாட்டார். வெள்ளைச் சில்லைக் காண்பது கான் வெட்டுகிறவரின் கண்ணும், மழை விட்டதும் லயத்து வாசலில் விளையாடும் பிள்ளையின் கண்ணும்தான். கிடைத்தால் ஒரு தாளில் சுற்றி, எந்த நம்பர் மலை, எந்தக் கான், லயத்திலிருந்து எத்தனை அடி, கூட என்ன கிடந்தது என்று எழுதி வையுங்கள். வயது தெரியாத பொத்தானுக்கு இடமாவது தெரிய வேண்டும். பக்கத்தில் கிடந்த போத்தல் அடியோ காசோ பிறகு அதற்கு வயது தரும்.

உலோகத்தில் நம்முடையதாக ஒன்று உண்டு. 1901 இல் இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவர "தகர டிக்கட்" முறை வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் குத்திய சின்ன உலோக வில்லை; அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறும், பிறகு தொழிலாளியின் கடனில் ஏறும். மண்ணுக்குள் கிடந்து வந்தால் முகமும் முதுகும் தேய்ந்த தட்டைப் பொத்தான் மாதிரியே இருக்கும். வளையம் பற்றவைத்த தடம் முதுகில் இல்லாமல், விளிம்போரம் ஒற்றைத் துளையும் நடுவில் குத்திய எண்ணும் இருந்தால் பொத்தான் டின்னில் போட வேண்டாம். அது சட்டையில் தைத்ததல்ல. கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டியது.